வேலியோர வழக்குகளில் வளர்ந்த சட்டம்

(பண்டைய உரோமச் சட்டம் பற்றி, சட்ட மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையொன்றில் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரை)



ஒருவர் இன்னொருவருடைய கவனயீனத்தால் காயப்படுகிறார். பேருந்து மோதியிருக்கலாம், சத்திரசிகிச்சையில் பிழை நேர்ந்திருக்கலாம். நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு வருகிறார். அவருக்காக எழுந்து பேசும் சட்டத்தரணி அந்த வழக்கை 'அக்குவிலிய வழக்கு' என்று சொல்வார். அக்குவிலியுஸ் என்பவர் உரோம நகரத்துச் சாமானிய மக்களின் பிரதிநிதியாக இருந்தவர். அவர் முன்மொழிந்து நிறைவேறிய சட்டம் கி.மு. 287 அளவைச் சேர்ந்தது. அந்தச் சட்டத்தை இயற்றிய குடியரசு அழிந்தது. அதற்குப் பின் வந்த பேரரசும் அழிந்தது. அது எழுதப்பட்ட இலத்தீனைத் தாய்மொழியாகப் பேசுபவர் எவரும் இன்று இல்லை. அக்குவிலியுஸின் பெயர் மட்டும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தென்னாபிரிக்காவிலும் இன்னும் வழக்கேடுகளில் எழுதப்படுகிறது. இது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

உரோமர் பெரிய படைவீரர்கள், ஆகவே அவர்களுடைய சட்டமும் வாளோடு பரவியது என்று சொல்லிவிடுவது எளிது. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. வாளால் பரவிய எத்தனையோ சட்டங்கள் அந்த வாளோடு சேர்ந்து துருப்பிடித்துப் போயின. உரோமச் சட்டம் பேரரசர்களுடைய ஆணையில் பிறந்ததல்ல. வேலித் தகராறு, வழித் தகராறு, வெட்டிய மரம், செத்த மாடு, திருப்பித் தராத கடன் ஆகிய சின்னச் சின்ன வழக்குகளை ஆற அமர யோசித்தவர்களின் உழைப்பில் பிறந்தது. அதனால்தான் அது நிலைத்தது.

தொடக்கத்தில் உரோமிலும் சட்டம் ஒரு சிலருடைய இரகசியம். உயர்குடிக் குருமாருக்குத்தான் எந்த நாளில் வழக்குப் போடலாம், எந்தச் சொற்களைச் சொல்லிப் போட வேண்டும் என்பது தெரியும். சட்டத்தை எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள் என்று சாமானியர் போராடினார்கள். கி.மு. 451, 450ஆம் ஆண்டுகளில் பத்துப் பேர் கொண்ட குழு எழுதிய சட்டம் பன்னிரண்டு பலகைகளாக நகரச் சதுக்கத்தில் வைக்கப்பட்டது. தம் சிறுவயதில் பிள்ளைகள் அதைப் பாடசாலையில் மனப்பாடம் செய்ததாக உரோமப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார். மூலப் பலகைகள் இன்றில்லை. பிற்கால நூல்கள் எடுத்தாண்ட துண்டுகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அந்தத் துண்டுகளில் கொடுமையும் உண்டு. தீர்ப்பான கடனை 30 நாளுக்குள் கட்டாதவனைக் கடன் கொடுத்தவன் பிடித்துப் போய் விலங்கிடலாம். 60 நாள் அப்படி வைத்திருந்து, மூன்று சந்தை நாட்களில் பொதுவிடத்தில் நிறுத்திக் கடன் தொகையை அறிவித்த பிறகு, தைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்றுவிடலாம். கடனுக்காக உடலையே கட்டிப்போடும் இந்த வழக்கத்தைத் தளர்த்தவே உரோமருக்குக் கி.மு. 326 அளவு வரை பிடித்தது.

அதே பலகைகளில் நம் ஊர் மனிதர் யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய விதிகளும் இருக்கின்றன. அயலவரின் மரக்கிளை உன் காணிக்குள் நிழல் விழுத்தினால் 15 அடி உயரம் வரை கிளையைக் கழிக்கச் சொல்லலாம். உன் மரத்தின் காய் அயலவர் வளவுக்குள் விழுந்தால் நீ போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். அடுத்தவர் காணி ஊடாக உனக்கு வண்டிப் பாதை உரிமை இருந்தால், அந்தப் பாதை நேராகப் போகும் இடத்தில் 8 அடி அகலமும் வளையும் இடத்தில் 16 அடி அகலமும் இருக்க வேண்டும். ஏன் வளைவில் இரட்டிப்பு? மாட்டுவண்டி திரும்ப வேண்டும். ஒழுங்கை முடக்கில் அயலவரின் மதிலோடு உரசிக்கொண்டு வண்டி திருப்பிய எவருக்கும் இந்த விதியை எழுதியவர் வயல்வெளியில் நின்று பார்த்து எழுதினார் என்பது விளங்கும்.

வழியுரிமை, நீர் கொண்டுபோகும் வாய்க்கால் உரிமை, அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை ஆகிய மூன்றையும் உரோமர் தனித்தனியே வகுத்தார்கள். இந்த உரிமை ஆளுக்கு உரியதல்ல, காணிக்கு உரியது, காணி கைமாறும்போது உரிமையும் கூடவே போகும் என்று கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். நமது உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்ந்து எழுதப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அந்த வழக்கம் நமது மண்ணில் தானாகவே வளர்ந்தது. அதன் மீது எழும் தகராறுகளை நமது நீதிமன்றங்கள் தீர்க்கும்போது துணைக்கு எடுக்கும் கோட்பாடுகள் உரோமருடையவை.

எழுதி வைத்தால் மட்டும் சட்டம் நீதியாகிவிடாது என்பதற்கும் உரோமர் வரலாறே சாட்சி. காயுஸ் என்ற ஆசிரியர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதினார். அது பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்தது. 1816இல் இத்தாலியின் வெரோனா நகரில் நீபூர் என்ற அறிஞர் ஒரு பழைய தோல் ஏட்டைப் பார்த்தார். மேலே ஜெரோம் முனிவரின் கடிதங்கள். அவற்றுக்கு அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட எழுத்தாகக் காயுஸின் நூல். அதில் ஒரு வழக்கு வருகிறது. ஒருவருடைய திராட்சைக் கொடிகளை அயலவர் வெட்டிவிட்டார். அவர் வழக்குப் போட்டு, என் திராட்சைக் கொடிகள் வெட்டப்பட்டன என்று சொன்னார். வழக்குத் தோற்றது. பன்னிரண்டு பலகையில் மரங்கள் என்றே எழுதியிருந்தது. அவரும் மரங்கள் என்று சொல்லியிருக்க வேண்டுமாம்! இந்த அநியாயத்தைக் கண்டு வெட்கப்படத் தெரிந்ததுதான் உரோமச் சட்டத்தின் முதல் வெற்றி என்பேன்.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தியவர் பிரேட்டர் என்ற ஆட்சியாளர். கி.மு. 367இல் உருவான பதவி அது. ஓராண்டுக்குத்தான் பதவி. ஆண்டுத் தொடக்கத்தில், எந்த எந்த வகை முறைப்பாட்டுக்கு நான் வழி திறப்பேன் என்று அவர் பொது அறிவிப்பு எழுதி வைப்பார். அடுத்த ஆண்டு வருபவர் நல்லதை வைத்துக்கொண்டு பிழையானதை விடுவார். வழக்காளி அவரிடம் வந்தால், தகராறு என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் வடிப்பார்: பிரதிவாதி இத்தனை ஆயிரம் கொடுக்க வேண்டும் என்பது தெரியவந்தால் தண்டம் விதி, தெரியவராவிட்டால் விடுதலை செய். அந்த வாக்கியத்தோடு வழக்கு ஒரு சாதாரணக் குடிமகனிடம் போகும். அவர்தான் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளிப்பார். தகராறின் மையத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் உனக்கு வழக்கு இல்லை என்ற இந்த ஒழுக்கத்தை, மாணவ நண்பர்களே, நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கைவிடக் கூடாது.

கி.மு. 242இல் வெளிநாட்டார் வழக்குகளுக்கென்றே இரண்டாவது பிரேட்டர் வந்தார். வணிகம் பெருகிவிட்டது. கிரேக்கனும் சிரியனும் உரோமனோடு பேரம் பேசினார்கள். சடங்குச் சொற்கள் எதுவும் இல்லாமல், இருவர் மனமொத்தால் போதும், விற்பனை முடிந்தது என்ற கருத்து வலுப்பெற்ற சூழல் இதுதான். இந்த வணிக உலகத்தில் நம்மவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. உரோம ஆட்சிக்குட்பட்ட எகிப்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தத் துண்டு இன்று வியன்னாவில் இருக்கிறது. சேர நாட்டு முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் அது. பின்புறத்தில் ஹெர்மப்பொலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைப் பகுதியின் நறுமணப் பொருள், யானைத் தந்தம். கடல் வணிகக் கடனுக்கு உரோமச் சட்டத்தில் தனி விதி இருந்தது. கப்பல் மூழ்கினால் கடன் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்த ஆபத்தைக் கடன் கொடுத்தவர் சுமப்பதால், ஆண்டுக்கு 12 வீதம் என்ற வழக்கமான வட்டி வரம்பு அவரைக் கட்டாது. பிற்காலக் கடற்காப்புறுதியின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

இனி, இந்தச் சட்டத்தின் உயிர் என்று நான் கருதுகிறவர்களிடம் வருகிறேன். அவர்கள் சட்டவறிஞர்கள். தொடக்க காலத்தில் அவர்களுக்குச் சம்பளம் இல்லை, நீதிபதிப் பதவியும் இல்லை. ஆட்கள் வந்து கேட்பார்கள், இவர்கள் பதில் சொல்வார்கள். பதில்களை எழுதி வைப்பார்கள். முன்னவரின் பதிலை மறுத்து இன்னொருவர் எழுதுவார். அக்குவிலியச் சட்டத்தின் வாசகம் மிகச் சுருக்கமானது: ஒருவருடைய அடிமையையோ நாற்கால் கால்நடையையோ அநியாயமாகக் கொன்றால், கடந்த ஓராண்டில் அதற்கிருந்த உயர்ந்த விலையைக் கொடு. எரித்தாலோ உடைத்தாலோ சிதைத்தாலோ அதற்குரிய நட்டத்தைக் கொடு. அவ்வளவுதான். 'அநியாயமாக' என்றால் என்ன? இந்தக் கேள்வியை அவர்கள் ஐந்து நூற்றாண்டுகள் தோண்டினார்கள்.

அவர்களில் ஒருவரான உல்பியன் சொல்லும் வழக்கைக் கேளுங்கள். சிலர் பந்து விளையாடுகிறார்கள். ஒருவர் பலமாக அடிக்கிறார். பந்து போய் முடிதிருத்துபவரின் கையில் படுகிறது. அந்த நேரத்தில் அவர் ஓர் அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். கத்தி தொண்டையை அறுத்துவிடுகிறது. யார் குற்றவாளி? யாரிடம் பிழையோ அவர் பொறுப்பு என்கிறார் மேலா என்ற அறிஞர். பிழை முடிதிருத்துபவருடையது என்கிறார் இன்னோர் அறிஞரான புரோக்குலுஸ். உல்பியன் அதை விளக்குகிறார்: வழக்கமாகப் பந்து விளையாடும் இடத்திலோ சனநடமாட்டம் கூடிய இடத்திலோ அவர் நாற்காலி போட்டிருந்தால் அவர்மேல் பழி சொல்ல இடமுண்டு. உடனே இன்னொரு கோணத்தையும் அவர் திறக்கிறார்: அப்படிப்பட்ட ஆபத்தான இடத்தில் போய்க் கழுத்தைக் கொடுத்தவர் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லலாமே! இன்று நீங்கள் பங்களிப்புக் கவனயீனம் என்று படிக்கும் பாடத்தின் வித்து அந்தச் சவர நாற்காலியில் இருக்கிறது.

பவுலுஸ் என்ற சட்டவறிஞர் எழுதிய இன்னொன்று. மரம் வெட்டுபவர் கிளையைக் கீழே போடுகிறார். வழியில் போன ஓர் அடிமைமேல் விழுந்து அவன் இறக்கிறான். பொது வழியோரம் என்றால், வெட்டுபவர் முன்கூட்டியே குரல் கொடுத்து எச்சரித்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அவர் பொறுப்பு. தனியார் காணி என்றாலும் பொறுப்பு என்று அவருக்கு முன்பே மூசியுஸ் என்ற அறிஞர் சொல்லியிருந்தார். காரணம், கவனமுள்ள ஒருவர் முன்கூட்டிக் காணக்கூடியதைக் காணத் தவறுவதுதான் பிழை. பாதையே இல்லாத இடத்தில், வேண்டுமென்றே செய்தால் மட்டும் பொறுப்பு. இந்த ஒரு பத்தியில் கவனயீனச் சட்டம் முழுவதன் சாரமும் அடங்கியிருக்கிறது. நமது வேலிக் கதியாலை வெட்டும்போது 'விலகு' என்று கத்துகிறோமே, அந்தக் கத்தலுக்குச் சட்டப் பெறுமதி கொடுத்தவர் பவுலுஸ்.

நண்பர்களே, இந்த இரண்டு வழக்கிலும் இறந்தவர் யார்? அடிமை. வழக்குப் போடுபவர் யார்? எசமானர். அடிமையும் மாடும் சட்டத்தின் ஒரே வரியில் நிற்கிறார்கள். இதைச் சொல்லாமல் உரோமச் சட்டத்தைப் புகழ்பவர் உண்மையில் பாதியை மறைக்கிறார்.

கி.பி. 61இல் உரோம நகராளுநர் பெடானியுஸ் செக்குந்துஸை அவருடைய வீட்டு அடிமை ஒருவன் கொன்றான். எசமானர் கொலையுண்டால் அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அனைவரையும் கொல்வது பழைய விதி. அந்த வீட்டில் 400 பேர் இருந்தார்கள், பெண்கள், பிள்ளைகள் உட்பட. நகர மக்கள் பொறுக்காமல் திரண்டார்கள். மூதவையில் எழுந்து, 400 பேரையும் கொல்லத்தான் வேண்டும் என்று வாதாடி வென்றவர் காயுஸ் காசியுஸ் லொங்கினுஸ். அவர் அக்காலத்தின் தலைசிறந்த சட்டவறிஞர்களில் ஒருவர், ஒரு சட்டப் பள்ளியே அவர் பெயரால் அழைக்கப்பட்டது. பேரரசன் நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான். சட்ட அறிவு ஒருவரைத் தானாக நல்லவராக்காது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு பக்கத்தில் பப்பினியன் என்ற சட்டவறிஞர் நிற்கிறார். பேரரசன் கரகல்லா தன் தம்பியைக் கொன்றுவிட்டு, அந்தக் கொலையை நியாயப்படுத்தித் தரும்படி கேட்டதாகவும், பப்பினியன் மறுத்ததாகவும் பழைய நூல்கள் சொல்கின்றன. 212இல் அவர் கொல்லப்பட்டார். அதே கரகல்லாதான் அதே ஆண்டில் பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறத்தாழ எல்லோருக்கும் உரோமக் குடியுரிமை வழங்கினான். அந்தக் குடியுரிமையின் பெறுமதியை வேதாகமம் வாசித்தவர்கள் அறிவார்கள். பவுலடியாரைக் கசையால் அடிக்கக் கட்டியபோது, விசாரியாமல் ஓர் உரோமக் குடிமகனை அடிக்கலாமா என்று அவர் கேட்கிறார். கட்டியவர்கள் பயந்து விலகுகிறார்கள்.

இயற்கையில் மனிதர் எல்லோரும் சுதந்திரர்கள், அடிமைமுறை இயற்கைக்கு மாறானது என்று உரோமச் சட்டநூல்களே எழுதி வைத்தன. எழுதியும் அதை ஒழிக்கவில்லை. பெண்கள் நிலமும் அடிமையும் விற்கப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டியிருந்தது. இதைக் கேட்டு நாம் பெருமூச்சு விட்டுவிட்டுப் போக முடியாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்துக்குட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி நம்மிடம் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. அது உரோமரிடமிருந்து வந்ததல்ல, நம்முடையது. திருத்த வேண்டியவர்களும் நாம்தான்.

பிற்கால வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கு உரோமப் பேரரசு 476இல் வீழ்ந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், கிரேக்கம் பேசும் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஜஸ்டினியன் பேரரசர் தம் அமைச்சர் திரிபோனியன் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தினார். ஏறக்குறைய 2000 ஏடுகளில் இருந்த சட்டவறிஞர் எழுத்துகளை அவர்கள் மூன்றே ஆண்டுகளில் வாசித்து, வெட்டி, 50 புத்தகங்களாகத் தொகுத்தார்கள். 30 இலட்சம் வரிகளை ஒன்றரை இலட்சமாகச் சுருக்கினோம் என்பது ஜஸ்டினியனின் கணக்கு. 533 டிசெம்பரில் வெளிவந்த அந்தத் தொகுப்புத்தான் டைஜெஸ்ட். மூல ஏடுகள் பெரும்பாலும் அழிந்தன. பந்து விளையாட்டும் மரக்கிளையும் நமக்குக் கிடைத்தது இந்தத் தொகுப்பால்தான்.

மேற்கு ஐரோப்பா அதைப் பல நூற்றாண்டுகள் மறந்திருந்தது. ஆறாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று இத்தாலியில் தப்பியிருந்தது. பீசா நகரத்தில் இருந்த அதை 1406இல் புளோரன்ஸ் கைப்பற்றியது, இன்றும் அங்கேயே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் பொலோஞ்ஞாவில் இர்னேரியுஸ் என்ற ஆசிரியர் டைஜெஸ்டை வரிவரியாகப் பாடம் சொல்லத் தொடங்கினார். ஐரோப்பா எங்கிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பல்கலைக்கழகம் என்ற நிறுவனம் உருவானதில் இந்தச் சட்ட வகுப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. 1804இன் பிரெஞ்சுச் சட்டக்கோவையும் 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சட்டக்கோவையும் இந்த வகுப்பறைப் பரம்பரையின் பிள்ளைகள்.

நம்மைத் தொட்ட கிளை ஒல்லாந்துக் கிளை. ஹூகோ குரோசியஸ் என்ற ஒல்லாந்து அறிஞர் ஆயுள் கைதியாக லூவஸ்தைன் கோட்டையில் அடைபட்டிருந்தபோது, தம் பிள்ளைகளுக்காக ஒல்லாந்துச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூலை எழுதினார். 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். அந்த நூல் 1631இல் வெளிவந்தது. இவரும் இவர் வழிவந்தவர்களும் உரோமரின் ஒரு பெரிய குறையை நேர் செய்தார்கள். சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை இல்லை, ஆகவே அவன் இறந்தால் குடும்பத்துக்கு அக்குவிலிய வழக்கு இல்லை என்பது உரோமர் நிலை. ஒல்லாந்து அறிஞர்கள், உழைத்துக் காத்தவர் பிறர் பிழையால் இறந்தால் அவரை நம்பியிருந்த மனைவியும் பிள்ளைகளும் நட்டஈடு கேட்கலாம் என்றார்கள். விபத்தில் கணவனை இழந்து நமது நீதிமன்றப் படியேறும் பெண், அடிமையின் விலையைக் கணக்கிடப் பிறந்த ஒரு சட்டத்தின் மேல் நிற்கிறாள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1707இல் நமது வழமைகளை எழுத்தில் தொகுப்பித்தார்கள், அதுதான் தேசவழமைக் கோவை. ஆங்கிலேயர் வந்தபின் 1799ஆம் ஆண்டுப் பிரகடனம் நாட்டில் அதுவரை நிலவிய சட்டங்கள் தொடரும் என்றது. ஒல்லாந்தோ 1809இல் பிரெஞ்சு முறைக் கோவைக்கு மாறிவிட்டது. தாயகத்தில் கைவிடப்பட்ட உரோம-டச்சுச் சட்டம் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் தங்கிவிட்டது. தேசவழமை மௌனமாக இருக்கும் இடத்தில் இன்றும் அதுவே பேசுகிறது.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் ஒரு செய்தி. ஜஸ்டினியனின் பாடநூல் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லோருக்கும் பொது என்கிறது. மீனவர் கரையில் வாடி போடலாம், வலை உலர்த்தலாம், வலையை இழுக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. 1996 டிசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரை நிலத்தைத் தனியார் விடுதிக்குக் குத்தகைக்குக் கொடுத்ததை இரத்துச் செய்தபோது, இந்த உரோமக் கருத்தை எடுத்துச் சொன்னது. பொதுச் சொத்துக்கு அரசு உரிமையாளர் அல்ல, பொறுப்பாளர் என்று தீர்ப்பளித்தது. நமது கரையோரங்களில் மீனவர் வாடிகளுக்கும் பெரிய முதலீட்டுக்கும் இடையே தகராறு எழும்போதெல்லாம் இந்தப் பக்கத்தை நமது சட்டத்தரணிகள் திறந்து வைத்துக்கொண்டு வாதாட வேண்டும்.

மாணவ நண்பர்களே, பரீட்சைக்காக இலத்தீன் தொடர்கள் நாற்பதை மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். டைஜெஸ்டின் ஒன்பதாம் புத்தகத்தில் இரண்டாம் தலைப்பை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். அக்குவிலியச் சட்டம் பற்றிய தலைப்பு அது. ஒவ்வொரு வழக்கிலும் உரோம அறிஞர் பதில் சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு பதிலை எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அந்தத் தலைப்பை நல்ல தமிழில் பெயர்த்துத் தாருங்கள். நீதிமன்றத்துக்கு வரும் நமது மக்கள், தங்கள் உரிமை எங்கிருந்து வந்தது என்பதைத் தங்கள் மொழியிலேயே வாசிக்கட்டும்.